ஃபைலுக்கு விட்ட லீவு

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளி வெச்சீங்கன்னா இந்தப் பெட்டியை மடியில வெச்சுக்குவேன். ஆங், போதுமுங்க. குலுங்கக் கூடாதுங்க இது. அட, குண்டு கிண்டெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க! கெணத்து மோட்டரை ஓட்டற பெட்டி. தோட்டத்து மோட்டர் ரூம்ல இதை மாட்டிட்டா, ஊட்டுல உக்காந்துட்டு செல்போன்லயே மோட்டரை எடுத்து விடலாம், நிறுத்தலாம். எங்க கம்பெனிதானுங்க செய்யறது, கோயமுத்தூர் பீளமேட்டுல. என்ற பேரு நாச்சிமுத்து. இருபத்திரெண்டு வருசமா அங்கயேதான் குப்பை கொட்டறேன்.

உங்களுக்கும் பொள்ளாச்சிதானுங்களா? சட்டைப் பையில பேனா, கையில பேப்பர்க் கட்டு... வாத்தியாருங்களா? பார்த்ததும் நெனச்சேன். அப்படீன்னா நீங்களே நாயம் சொல்லுங்க சார். நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடறேன். யாரு மேல தப்புன்னு நீங்க மார்க் போடுங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஒரு ஃபாரத்தை எழுதி, போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்போணும். எல்லாம் எழுதியாச்சு, ஒரே ஒரு வரிதான் பாக்கி. இந்தப் பையிலதான் இருக்குது. நாலு நாளா இதையே தூக்கிட்டுத் திரியறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கோவமே வராதுங்க. ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, நாச்சிமுத்து அண்ணன் தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. — ஏய்யா கண்டக்டர், காதுக்குள்ளயேவா விசில் ஊதுவே? பஸ்ஸுல மனுசன் உக்காந்திருக்கறது தெரியலையா? அறிவிருக்குதாய்யா? — பாருங்க சார், எப்படி இருக்கறானுங்கன்னு. எதுல விட்டேன்? ஆங், கோவமே வராதுங்க.

என்ற சோலி என்னன்னா, பில்டு. ஆறேழு பசங்க புரோகிராம் எழுதுவாங்க. எழுதினதை எல்லாம் எடுத்து ஒண்ணாச் சேர்த்து, பெட்டிக்குள்ள போற ஒரே மூட்டையாக் கட்டறதுக்குப் பேருதான் பில்டு. கையில கட்டறதில்லீங்க. இதைச் செய், அப்பறம் அதைச் செய்னு வரிசையா எழுதி வெச்ச ஃபைலுக இருக்குது. தட்டிவிட்டா அதுவே கடகடன்னு ஓடி மூட்டையைக் கட்டிப்போடும். சரியாக் கட்டிடுச்சுன்னா திரையில பச்சை வரும், கோளாறுன்னா சிவப்பு. இருபத்திரெண்டு வருசத்துல நான் சிவப்பு பார்த்த நாளை விரல் விட்டு எண்ணிடலாம். ரெண்டு மூணு பேரோட விரல் வேணும், அது வேற விசயம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு பர்மிஷன். அதைப் பார்க்கலாமா, திருத்தலாமா, ஓட்டலாமா. பங்காளிக பொதுக் கெணறு பார்த்திருப்பீங்களே. எட்டிப் பார்க்கறதுன்னா வழியில போறவங்களும் பார்க்கலாம். மோட்டரைப் பிரிச்சு ரிப்பேர் பண்றதுக்கு ரெண்டு பேருக்குத்தான் உரிமை. சுவிட்சைப் போடறது, அன்னைக்கு முறை யாருதோ அவங்க மட்டும். மாத்திப் போட்டா அருவாதான். அதே நாயந்தான் ஃபைலுக்கும். ஓடற பர்மிஷன் இல்லாத ஃபைலை ஓட்டினா, 'பர்மிஷன் டினைடு'ன்னு திரையில போட்டுட்டு அது கம்முனு உக்காந்துக்கும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஆயுத பூஜை.

எங்கப்பாரு கணபதிங்கற ஊர்ல லேத்துப் பட்டறை வெச்சிருந்தாருங்க. பூஜைக்கு எல்லாத்தையும் தொடைச்சு எண்ணெய் விட்டு, மோட்டருக்கும் லேத்துக்கும் நடுவுல ஓடற பெல்ட்டைக் கழட்டிச் சாமி முன்னால வெச்சுருவாரு. யாராச்சும் தெரியாம சுவிட்சைத் தட்டினாலும் மோட்டர் வெறுமனே சுத்தும், மெஷின் அசையாது. வருசம் பூராப் பாடுபட்டதுக்கு ஒரு நாள் முழு ரெஸ்ட்டு. அடுத்த நாள் நல்ல நேரம் பார்த்து அவரே மாட்டுவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு. கழட்டினவன்தான் மாட்டோணும்னு அவருக்கு ஒரு சட்டம்.

எங்க ஆபீஸ்லயும் பூஜை உண்டுங்க. வாழைக்கன்னு, பொரிகடலை, பூசணிக்காய், ஒண்ணும் குறைச்சலில்லை. என்ற பில்டு மெஷினுக்கு நானே பட்டை போட்டு, சந்தனம் வெச்சு, கீபோர்டுல எண்டர் சாவி மேல ஒரு குங்குமப் பொட்டும் வெப்பேன். ஆனா வருசா வருசம் ஒரு கொறை. அந்த மெஷின் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தானா பில்டை ஓட்டும். நாம கற்பூரம் காட்டிட்டு இருக்கறப்பவே உள்ளுக்குள்ள கர்ர்ருனு வேலை செய்யும். இது அடுக்குமுங்களா? சரசுவதி முன்னால உக்காந்துட்டுக் கூலி வேலை பார்க்கற மாதிரி இருக்கும் எனக்கு.

அப்பத்தான் பக்கத்து சீட்டுல இருந்து இசக்கி சொன்னா. இசக்கியம்மாள்னு பேரு, வள்ளியூர்ப் பக்கத்துப் புள்ளை, சேர்ந்து ஆறு மாசம் ஆகலை. 'சார், தானா ஓடுத டைமரை மட்டும் நிறுத்திருங்களேன். ஒரு வரிதான'ன்னா. நான் அவகிட்டக் கேட்டேனா? கேட்டேனாங்கறேன்! டைமரை நிறுத்தறதெல்லாம் பூஜை ஆகுமுங்களா? யாராச்சும் கையில தட்டினா ஓடத்தானே போகுது?

பெல்ட்டைக் கழட்டோணும். அதுதான் முறை.

பதினொண்ணே முக்காலுக்கு நல்ல நேரம் முடியுது. தீபாராதனை முடிஞ்ச கையோட உக்காந்தேன். ஒரே ஒரு கட்டளை. மொத்த ஃபைலுக்கும் ஓடற பர்மிஷனைப் பிடுங்கிட்டேன். அத்தனையும் அக்கடான்னு படுத்துருச்சு! எங்க எல்லாத்துக்கும் பொதுவான இடம் ஒண்ணு இருக்குது, அங்க சேர்த்தாத்தான் மத்த பசங்க கம்ப்யூட்டருக்கும் போகும். அங்கயும் சேர்த்தேன். அவனுக மெஷினும் பாடுபட்டதுதானுங்களே? சேர்க்கறப்ப என்ன மாத்தினோம்னு ரெண்டு வார்த்தை எழுதோணும். 'பூஜை'ன்னு எழுதினேன். மனசு அப்படியே குளுகுளுன்னு ஆயிருச்சுங்க. எங்கப்பாரு இருந்திருந்தா கண்ணு கலங்கியிருப்பாரு.

ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை காலையில, ஒம்பதே காலுக்கு பெல்ட்டை மாட்ட உக்காந்தேன். இந்தப் புள்ளை காப்பி டம்ளரோட பின்னால வந்து நின்னுட்டு, 'சார், ஒரே தட்டுல எல்லாத்தையும் பூஜைக்கு முன்ன இருந்தாப்ல ஆக்கிரலாம், நான் செய்யட்டுமா'ங்கறா. நான் சொன்னேன், அம்மணி, கழட்டினவன்தான் மாட்டோணும், நீ போய்க் காப்பியைக் குடி. ஒரே தட்டுல எடுக்கலாமுங்க, குடுக்கறப்போ பார்த்துப் பார்த்துத்தான் குடுக்கோணும். ஒவ்வொரு ஃபோல்டராத் தொறந்து, ஒவ்வொரு ஃபைலா எழுப்பி விட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு. ஓட்டினேன். பச்சை! பொரியை அள்ளி எல்லாத்துக்கும் குடுத்தேன்.

பச்சைதான் வந்துருச்சேன்னு டெஸ்டிங் மேசையில வெச்சுப் பார்க்காமயே, அந்த மூட்டையைப் போட்டு நாப்பது பெட்டி பொள்ளாச்சிப் பக்கம் போச்சு. நெகமம், கிணத்துக்கடவு, ஆனைமலைன்னு தோட்டம் தோட்டமா மாட்டினாங்க.

திங்கக்கிழமை ஆரம்பிச்சுது பாருங்க, போன் மேல போன். 'ஏனுங்க, லைட்டு எரியுது, மோட்டர் எந்திரிக்கலை.' நாப்பது பேரும் இதே பாட்டு. கரண்டு இருக்குது, சிக்னல் இருக்குது, மோட்டர் மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது. பெட்டியைப் பிரிச்சு உள்ள என்ன சொல்லுதுன்னு பார்த்தா, 'பர்மிஷன் டினைடு'. பெட்டிக்குள்ள போற ஃபைலுகள்ள மோட்டரை எழுப்பி விடறதுக்குன்னே ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு ஓடற பர்மிஷன் இல்லை. அது எங்க மெஷின்ல ஓடறதில்லை பாருங்க, கெணத்து மேட்டுல போய்ப் பெட்டிக்குள்ளதான் ஓடும். அதனால ஆபீஸ்ல எல்லாம் பச்சையாவே இருந்துச்சு.

எங்க மேனேஜர் கோகுலகிருஷ்ணன், சின்ன வயசுதான், நல்ல தம்பி. ஓடி வந்து, 'அண்ணா, இந்த ஃபைலைக் கடைசியாத் திருத்தினது யாரு?'ன்னு கேட்டாரு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லோணுமில்லீங்களா? பூஜைக்கு ஒரு வாரம் முன்னால அதுல நாலு வரி மாத்தினது இசக்கி. 'இசக்கிங்க'ன்னேன். பொய்யா? நீங்களே சொல்லுங்க சார், பொய்யா? அந்தப் புள்ளை நிமிந்து என்னை ஒரு பார்வை பார்த்துட்டு மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டா.

என்னுங்க கேட்டீங்க? ஜன்னல் காத்துல காதுல விழுகலை. அவ மாத்தினதுக்கு அப்பறம் அது ஓடிச்சான்னா? இருங்க சார், கதை இன்னும் முடியலை. கிணத்துக்கடவே வரலையே.

நான் சும்மா இருப்பனா? சீனியர் இல்லீங்களா? ஒரு வேலை பண்ணினேன். எது மூடியிருக்குது, எது தொறந்திருக்குதுன்னு எதுக்குத் தேடிட்டு இருக்கோணும்? மொத்தமாத் தொறந்து விட்டுருவோம்னு, எல்லா ஃபைலுக்கும் எல்லா பர்மிஷனையும் வாரிக் குடுத்துட்டேன். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் ஓட்டலாம். தர்ம சத்திரம்! 'சார், அப்படிச் செய்யக் கூடாது சார்'னு இசக்கி சொல்லிட்டுத்தான் இருந்தா. நான் காதுல போட்டுக்கலை. மொதல்ல ஒரு பெட்டியில போட்டுப் பார்ப்போம்னு நெகமத்துல ஒருத்தரு தோட்டத்துக்கு ஆளனுப்பிப் போட வெச்சேன்.

அனுப்பின ஆளு பெட்டியில சுவிட்சைத் தட்டினதும் மோட்டர் எந்திரிச்சுது சார்! என்னா மாதிரி எந்திரிச்சுதுங்கறீங்க! ஆபீஸே கை தட்டுச்சு.

நிறுத்தத்தான் முடியலை.

ஏன்னா, செல்போன்ல இருந்து வர்ற பேச்சைக் கேக்கறதுக்கு உள்ள ஒரு ரகசியச் சாவி ஃபைல் இருக்குதுங்க. அதை மூடித்தான் வெச்சிருக்கோணும். ஊரே பார்க்கற மாதிரி தொறந்து கெடந்தா, இதை நம்பி நான் பேச மாட்டேன்னு பெட்டி மொறைச்சுக்கும். அந்த நெகமத்துத் தோட்டக்காரரு ஏதோ கல்யாணத்துக்குத் திருப்பூர் போயிட்டாரு. அங்கிருந்து நிறுத்து நிறுத்துன்னு செல்போனைப் போட்டுக் குத்தறாரு, பெட்டி காதுலயே வாங்கலை. சாயங்காலம் வந்து பார்த்தா தக்காளிக் காடு குளமா நிக்குது. மூடினாலும் குத்தம், தொறந்தாலும் குத்தம்னா மனுசன் என்னதான் பண்றது?

அவரு போன் பண்ணிக் கிழி கிழின்னு கிழிச்சாரு. போனை எடுத்தது யாருங்கறீங்க? இசக்கிதான். நான் அப்ப... நான் அப்பத்தான் டீ குடிக்கப் போயிருந்தேன். 'சரிங்கய்யா, தப்புதாங்கய்யா'ன்னு அரை மணி நேரம் நின்னுட்டே கேட்டுக்கிட்டாளாம். அவரு பெட்டியைக் கழட்டி ஆபீஸுக்கே திருப்பி அனுப்பிட்டாரு. அதுதான் இது, என்ற மடியில இருக்கறது.

அப்பறம் அந்தப் புள்ளை உக்காந்து, எந்த ஃபைலுக்கு எந்தப் பர்மிஷன்னு ஒண்ணொண்ணாப் பார்த்துச் சரி பண்ணினா. லேப்டாப்பைத் தூக்கி ஸ்கூட்டர்ல வெச்சுட்டு, மிச்சம் முப்பத்தொம்பது கெணத்துக்கும் அவளே போய்ப் போட்டுட்டு வந்தா. வெயில்ல மூஞ்சியெல்லாம் கருத்துப் போச்சு. அதோட விடலைங்க. பில்டுல புதுசா ஒண்ணு சேர்த்திருக்கறா. அந்த மோட்டர் ஃபைலுக்கு ஓடற பர்மிஷன் இல்லைன்னா மூட்டையே கட்டாது, சிவப்பு வந்து நின்னுக்கும். நின்னுட்டு, 'இந்த ஃபைலுக்கு லீவு கிடையாது'ன்னு தமிழ்ல வேற எழுதிக் காட்டும். யாரைச் சொல்றாளாம்? ஆபீஸே படிச்சுப் படிச்சுச் சிரிக்குது. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது.

கிணத்துக்கடவு வந்துருச்சுங்களா? வெள்ளரிப்பிஞ்சு வாங்கட்டுமுங்களா? வேண்டாமா. சரிங்க.

இப்பத்தான் சார் முக்கியமான இடம். போன வாரம் டீ நேரத்துல எல்லாரும் கீழ போயிட்டாங்க. இந்தப் புள்ளை லேப்டாப்பை எடுத்துட்டு வந்து என்ற மேசை மேல வெச்சா. அந்தப் பொது இடத்துல, எந்த ஃபைலுக்கு என்ன மாத்தம், யாரு, எத்தனை மணிக்குன்னு அதுவே குறிச்சு வெச்சுக்கும். அதைக் காட்டினா. மோட்டர் ஃபைல், ஓடற பர்மிஷன் போச்சு. நேரம் பதினொண்ணு நாப்பத்தி மூணு. பேரு நாச்சிமுத்து. பக்கத்துல 'பூஜை'.

என்ற பேரு இருந்தா நான் செஞ்சதா ஆயிருமுங்களா? என்ற சீட்டுல வேற யாராச்சும் உக்காந்து தட்டியிருக்கலாமில்லீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, இருக்கலாமா இல்லையா? ... ஆமாங்க, சந்தனக் கை பட்ட கீபோர்டு, குங்குமம் வெச்ச எண்டர் சாவி, வேற எவனும் கிட்டக்கூட வந்திருக்க மாட்டான். அது எனக்கும் தெரியுதுங்க.

அவ சத்தம் போடலை. 'சார், நான் யாருட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களே சொன்னாத்தான் சார் நல்லாருக்கும்'னு சொல்லிட்டு, லேப்டாப்பை மூடிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன், கணக்கு நேராயிருக்கும். திட்டாமப் போயிட்டா சார். கணக்கு அப்படியே பாக்கி நிக்குது.

ஃபாரம் என்னன்னா, அவளை நிரந்தரமாக்கறதுக்கு சீனியர் எழுதிக் குடுக்கற ஃபாரம். சனிக்கிழமையோட ஆறு மாசம் முடியுது. வேலை நிரந்தரமானா கோயமுத்தூர்ல இரு, இல்லைன்னா மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கு வந்துரு, மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னு அவங்கப்பாரு கறாராச் சொல்லிட்டாராம். ஃபாரத்துல அவ திறமை, நேரத்துக்கு வர்றது எல்லாத்துக்கும் எழுதிட்டேன். கடைசியில கோகுலகிருஷ்ணன் கையிலயே ஒரு வரி எழுதி வெச்சிருக்கறாரு. 'பொள்ளாச்சிப் பெட்டித் தவறுக்கு யார் காரணம்?' அவரு மனசுல இசக்கின்னு பதிஞ்சு போச்சு. அவ பேரை எழுதினா நிரந்தர வேலைக்கான லெட்டர் கிடையாது. சும்மா விட்டாலும் கிடையாது. இன்னைக்கு நாலு மணி.

நான் என்ன நெனச்சேன்னா, 'தவறு நடந்தது, சரி செய்யப்பட்டது'ன்னு பட்டும் படாம எழுதிடலாம்னு. நல்லாத்தானுங்க இருக்குது? யாரு மனசும் நோகாது. இருபத்திரெண்டு வருசமா அண்ணன் அண்ணன்னு சுத்தி வந்த பசங்க முன்னால, பூஜை போட்டுப் பொள்ளாச்சியையே நிறுத்தினவன்னு நான் நிக்கோணுமுங்களா? வெக்கமா இருக்குது சார். உள்ளதைச் சொல்றேன், அந்தப் புள்ளை மூஞ்சியைப் பார்க்கவே வெக்கமா இருக்குது.

சரி பண்ணின இந்தப் பெட்டியை நெகமத்துக்குத் திருப்பிக் கொண்டு போக அவதான் கிளம்பினா. ஹெல்மெட்டெல்லாம் போட்டாச்சு. நான்தான், பொள்ளாச்சியில எனக்கு ஒரு சோலி இருக்குது, குடு அம்மணின்னு வாங்கிட்டு வந்தேன். சோலியா? ஒரு சோலியும் இல்லீங்க. அந்தத் தக்காளிக்காரரு இன்னொருக்கா அவளைக் கிழிக்க வேண்டாமேன்னுதான். என்னைக் கிழிக்கட்டும், எனக்குத்தான் கோவமே வராதே.

என்னுங்க? மறுபடியும் அதேதானா? வாத்தியாருன்னா விடமாட்டீங்களே! அவ மாத்தினதுக்கு அப்பறம் அந்த ஃபைல் ஓடிச்சான்னு கேக்கறீங்க.

ஓடிச்சுங்க.

பூஜை வரைக்கும் ஒரு வாரம் நல்லாத்தான் ஓடிச்சு. டெஸ்டிங் மேசையில மோட்டர் டக்கு டக்குன்னு எந்திரிச்சுது. நானே பார்த்தேன். 'பரவால்லையே அம்மணி'ன்னு சொல்லவும் சொன்னேன்.

கோவில்பாளையம் தாண்டிருச்சுங்க. மணி மூணே முக்கால். சார், அந்தப் பேனாவைச் சித்தக் குடுங்க. என்ற பேனாவை ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன். வேணும்னே வெச்சுட்டு வந்தேனோ என்னமோ. சிவப்புதானுங்களா இருக்குது? தப்புத் திருத்தற பேனாவா? பரவால்லீங்க, குடுங்க. கழட்டினவன்தான் மாட்டோணும்.

இந்தப் பெட்டி மேலயே வெச்சு எழுதிக்கறேன். 'நான்தான் காரணம். பூஜைக்கு எல்லா ஃபைலுக்கும் லீவு விட்டேன். ஒரு ஃபைலைத் திருப்பி வேலைக்குக் கூப்பிட மறந்துட்டேன். தக்காளிக் காட்டுல தண்ணி விட்டதும் நான்தான். இசக்கி சரி மட்டும்தான் பண்ணினா.' கையெழுத்து, நாச்சிமுத்து. பஸ் குலுங்கி என்ற பேரு மட்டும் கோணிக்கிச்சு. படிக்க முடியுதுங்களா? சத்தமா வேண்டாமுங்க, மனசுக்குள்ளயே படிங்க. சரியா இருக்குதுங்களா? போட்டோ எடுத்துட்டேன். இதைத் தொட்டா போயிருமா? போயிருச்சு! ரெண்டு டிக்கும் விழுந்துருச்சு. நீலமாயிருச்சுங்க சார், படிச்சுட்டாரு.

அடிக்குது, அடிக்குது. அவருதான். சார், சித்த இந்தப் பெட்டியைப் பிடிச்சுக்குங்க. குலுங்கக் கூடாது இது.

ஹலோ, சொல்லுங்க தம்பி. ஆமாங்க, நான்தான் எழுதினேன். சிவப்பா? அது பக்கத்துல ஒரு வாத்தியாரு பேனாங்க. ஆமாங்க, தெளிவாத்தான் இருக்கறேன். தம்பி, என்னை வந்து வையுங்க, நாளைக்குப் பூரா வையுங்க, நான் கேட்டுக்கறேன். மொதல்ல அந்தப் புள்ளைக்கு லெட்டரைக் குடுங்க.